கடலோர ஊர் பெருத்தால் கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது?

அலை எட்டாத மணல் மேட்டில் கையால் குழி தோண்டினால், பல கடற்கரைகளில் குடிக்கிற மாதிரி தண்ணீரே ஊறும். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, இது எப்படி?

மணலில் இறங்கிய மழைநீர்தான் அது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1000 கிராம், கடல்நீர் சுமார் 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில், மண்ணுக்கடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீர் மேல் நன்னீர் மிதக்கிறது. மிதக்கிற பனிக்கட்டி போல, மேலே தெரிவது கொஞ்சம், மூழ்கியிருப்பதுதான் அதிகம். 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40 வருகிறதா? கடல் மட்டத்துக்கு மேலே நிலத்தடி நீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரைக்கும் நன்னீர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்ற டச்சுப் பொறியாளரும், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் நிஜ மண்ணில் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் விஷயம் அதுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால், உப்பு கீழிருந்து 40 மீட்டர் ஏறப் பார்க்கும்.

ஊரில் ஆள் கூடும்போது இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வீட்டுக்கு வீடு போர் போட்டு உறிஞ்சுவது எல்லோருக்கும் தெரியும். மணல் இருந்த இடமெல்லாம் கூரையும் சிமென்ட்டும் ஆகி, உள்ளே இறங்க வேண்டிய மழை சாக்கடை வழியாகக் கடலுக்கே போய்விடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் உப்பு உடனே வராது, வருஷக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும், அதற்குள் இன்னும் நாலு தெரு முளைத்திருக்கும்.

மோட்டார் ஓடும் இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி மேலெழும்பும். "இன்னும் ஆழமாப் போட்டா நல்ல தண்ணி வரும்" என்பது உள்நாட்டில் சில சமயம் பலிக்கலாம். இங்கே, இடையில் களிமண் அடுக்கு ஏதும் தடுக்காவிட்டால், அது காசு கொடுத்து உப்பை நோக்கி இறங்குகிற வேலை.

அதுவும் எவ்வளவு உப்பு? உப்பின் ஒரு பகுதியான குளோரைடு மட்டும் கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 19 கிராம். 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்கு கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடும். 49 டம்ளர் நல்ல தண்ணீரில் 1 டம்ளர் கடல்நீரை ஊற்றிப் பாருங்கள், லிட்டருக்கு 380 மில்லிகிராம் ஆகிவிடும்.

நியூயார்க்கின் புரூக்ளின் இதில் நன்றாகப் பட்ட ஊர். 1930-களில் அங்கே நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கும் கீழே போய், கடல் உள்ளே வந்தது. 1947-இல் குடிநீருக்காக உறிஞ்சுவதையே நிறுத்தினார்கள். அப்புறம் நீர்மட்டம் ஏறி, இடைப்பட்ட காலத்தில் கட்டிய நிலவறைகளிலும் சுரங்க ரயில் பாதைகளிலும் தண்ணீர் புகுந்தது தனிக்கதை.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வேறு வழி பிடித்தார்கள். கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்து, கடற்கரையை ஒட்டிய கிணறுகள் வழியாக 1970-களிலிருந்து மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். அங்கே நீர்மட்டம் மேடாக நிற்பதால் கடல் அதைத் தாண்டி உள்ளே வர முடிவதில்லை, தண்ணீராலேயே கட்டிய சுவர்.