‘பிக் மேன்’ என்றால் சர்வாதிகாரியா, பெரிய மனுஷனா?

ஆப்பிரிக்க அரசியல் பற்றி எதைப் படித்தாலும் பத்து வரிக்குள் ‘பிக் மேன்’ என்ற சொல் வந்து நிற்கும். காங்கோவை ஆண்ட மொபுட்டு ஒரு பிக் மேன், கென்யாவை ஆண்ட மோய் ஒரு பிக் மேன், 1986-இலிருந்து உகாண்டாவை ஆளும் முசெவேனியும் அப்படியே. தமிழில் எழுதும்போது இதைச் சட்டென்று ‘சர்வாதிகாரி’ என்று ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம், நானும் செய்திருக்கிறேன். பாதிப் பொருள் அங்கேயே சிந்திவிடுகிறது.

முதலில், இந்தச் சொல் பிறந்தது ஆப்பிரிக்காவிலேயே இல்லை. பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் ‘பிக்மன்’ என்பார்கள். மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இதை ஆய்வு உலகில் பரவலாக்கியது. அவர் சொன்ன பிக் மேனுக்குப் பட்டமும் கிடையாது, பரம்பரைப் பதவியும் கிடையாது. பன்றி வளர்ப்பான், கிழங்கு விளைவிப்பான், விருந்து போடுவான், ஊருக்கு அள்ளிக் கொடுப்பான், வாங்கியவர்கள் அவன் பின்னால் நிற்பார்கள். அதே நாட்டின் ஹேகன் மலைப் பகுதியில் ‘மோகா’ என்ற பன்றிக் கொடுக்கல் வாங்கல் உண்டு, வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பவனுக்குத்தான் அதில் பெயர். கொடுப்பது நின்றால் கூட்டம் கலைந்துவிடும். பசிபிக்கின் இன்னொரு தீவுக்கூட்டமான பொலினீசியாவின் தலைவன் அப்படியில்லை, அவன் பிறப்பால் வந்த பதவியில் உட்கார்ந்திருப்பவன். சாலின்ஸ் இருவரையும் எதிரெதிரே நிறுத்தித்தான் பேசினார்.

அப்புறம் இந்தச் சொல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. கேமரூனை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் பிரான்சுவா மெடார் 1992-இல் இதே சொல்லை வைத்து ஆப்பிரிக்க அரசியல்வாதியை விளக்கினார். பதவியைக் கொண்டு பணம், பணத்தைக் கொண்டு ஆள், ஆளைக் கொண்டு மறுபடி பதவி, இப்படிச் சுற்றுகிற ஒரு தொழில்முனைவோன் அவன். இதில் வேடிக்கை, கானாவின் அக்கான் மக்களிடம் ‘ஒபிரெம்பொன்’ என்று நேராகப் ‘பெரிய மனிதன்’ எனப் பொருள்படும் சொல் பழையகாலம் தொட்டே இருக்கிறது. அவர்களுடைய அசாந்தே அரசில் பெரும் செல்வம் சேர்த்தவனுக்கு மன்னர் யானை வால் ஒன்றை விருதாகக் கொடுப்பார், அவன் செத்ததும் சொத்தில் அரசு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இவ்வளவு இருக்கும்போது பசிபிக் தீவுச் சொல்லை இரவல் வாங்கியது ஏன் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான்: ஆராய்ச்சி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடக்கிறது.

சரி, கென்யாவுக்கு வருவோம், ஏனென்றால் இந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் பேரம் அங்கே கண்ணுக்குத் தெரியும். ‘ஹராம்பே’ என்றால் ‘சேர்ந்து இழு’ என்று பொருள், ஜோமோ கென்யாட்டா விடுதலைக் காலத்தில் முழங்கியது. பள்ளிக்கூடம், மருந்தகம் கட்ட ஊர் கூடிப் பணம் திரட்டும் கூட்டத்துக்கும் அதுவே பெயர். அரசியல்வாதி கையில் நோட்டுக்கட்டோடு வரவேண்டும், யார் எவ்வளவு என்று எல்லார் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள். நம் ஊர் மொய்யை நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பச் செய்யவேண்டியது மட்டும் ஓட்டாக. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. சுவாஹிலியில் ‘குலா’ என்றால் சாப்பிடுவது, பொதுப்பணத்தைச் சுருட்டுவதற்கும் அதே வினைச்சொல்தான். கேமரூன்காரர்கள் ‘ஆட்டை எங்கே கட்டுகிறோமோ அங்கேதான் மேயும்’ என்பார்கள். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சொல்வதில்லையா, அதேதான். இப்படி மேய்ந்து கொழுத்தவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா வைத்த பெயர் ‘வபென்சி’. சுவாஹிலியில் இனப் பெயர்களுக்கு முன்னால் ‘வ’ வரும், அதை மெர்சிடிஸ் பென்ஸ் காருக்கு முன்னால் ஒட்டி ‘பென்ஸ் இனத்தார்’ என்று ஒரு புதுக் குலத்தையே உண்டாக்கிவிட்டார்கள்.

ஆனால் எல்லாப் பெரிய மனிதர்களும் கொடுத்துப் பெரியவர்கள் ஆனவர்கள் இல்லை. நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்களில் பெரும்பாலோருக்கு ஒற்றைத் தலைவன் என்ற வழக்கமே இருக்கவில்லை, பிரிட்டிஷார் ஆளைப் பிடித்துக் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து ‘நீதான் தலைவன்’ என்றார்கள். கீழே யாருக்கும் அவன் கடன்பட்டவன் இல்லை, மேலே வெள்ளைக்காரனுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு 1929-இல் பரவியதும் பெண்கள் திரண்டு போய் அந்தத் தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து கேலிப்பாட்டுப் பாடினார்கள், ‘ஒருவன்மேல் உட்காருவது’ என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷ் அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். என் பார்வையில் பிற்கால அதிபர்கள் பலரிடம் இந்தக் காகிதத் தலைவனின் சாயலும் இருக்கிறது, அதை மறந்துவிட்டுப் ‘பழங்குடிக் குணம்’ என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

மொபுட்டு 1965 முதல் 1997 வரை ஆண்டார். சிறுத்தைத்தோல் தொப்பி, சொந்த மண்ணான பாடோலிட்டேயில் காட்டுக்கு நடுவே மாளிகை, கான்கார்டு அதிவேக விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை. மக்களுக்குக் கிடைத்ததோ ‘15-வது பிரிவு’. அரசமைப்பில் இல்லாத அந்தப் பிரிவு சொல்வது, ‘உன் பாட்டை நீயே பார்த்துக்கொள்’ என்று காங்கோவில் சொல்லிச் சிரிப்பார்கள். அள்ளிக் கொடுக்கப் பணம் இருந்தவரை அவர் ஆட்டம் நடந்தது. 1991-இல் கிட்டத்தட்டக் கூலியே கிடைக்காத படைவீரர்கள் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள், ஆறே ஆண்டில் மொபுட்டு நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ‘சர்வாதிகாரி’ என்ற சொல்லில் அடக்குமுறை தெரிகிறது, இந்தக் கணக்கு வழக்கு தெரிவதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பெருந்தலைவர்’ என்றால் காமராசர் வந்து நிற்பார், ‘பெரியார்’ பக்கமே போகமுடியாது. ‘புரவலர்’ நல்ல சொல், எதிரே ‘இரவலர்’ என்ற இணையும் தயாராக இருக்கிறது, ஆய்வுக் கட்டுரைக்குப் பொருந்தும். ஆனால் புறநானூற்று மணம் தூக்கலாக இருப்பதால் மோயைப் புரவலர் என்றால் வஞ்சப்புகழ்ச்சி ஆகிவிடுகிறது. ‘பெரும்புள்ளி’ செய்தித்தாளுக்குச் சரி, அதில் பணமும் செல்வாக்கும் இருக்கிறது, பின்னால் நிற்கும் ஆட்கள் இல்லை.

என் ஓட்டு ‘பெரிய மனுஷன்’ என்பதற்கே. ஊர்ப் பெரிய மனுஷனிடம் பஞ்சாயத்துக்குப் போகலாம், கல்யாணச் செலவுக்குக் கை நீட்டலாம், செய்யாமல் விட்டால் ‘பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?’ என்று முதுகுக்குப் பின்னால் திட்டவும் செய்யலாம். மரியாதை, எதிர்பார்ப்பு, நக்கல் மூன்றும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. ‘மனுஷன்’ பேச்சு வழக்கு என்று யாராவது திருத்தினால் ‘பெரிய மனிதர்’ என்று ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ‘சர்வாதிகாரி’ மட்டும் வேண்டாம்.