மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு

கரண்ட் பில் எகிறினால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது மிக்ஸிதான். அது போடுகிற சத்தம் அப்படி. ஆனால் 750 வாட் மிக்ஸி தினமும் 10 நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான் ஆகும். 75 வாட் ஃபேன் தினமும் 20 மணி நேரம் சுற்றினால் 90 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வந்த 100 யூனிட் இலவசத்தை அந்த ஒரு ஃபேனே ஏறக்குறைய தின்றுவிடும்.

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் எவ்வளவு என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதும் சேர்ந்துதான் பில் ஆகிறது.

இதை மீட்டரிலேயே பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும்; பல மீட்டர்களில் அது 3200. அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். 15 நொடிக்கு ஒருமுறை மின்னினால் அது 75 வாட் ஃபேன். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டு 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போடுங்கள். கிட்டத்தட்ட நொடிக்கு ஒருமுறை மின்னும். கொஞ்ச நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். சூடு போதும் என்று உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்திருக்கும்.

தண்ணீர் ஹீட்டரில் மட்டும் தப்பிக்க வழி குறைவு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறத்தாழ 0.44 யூனிட் வேண்டும். வாட் குறைந்த ஹீட்டர் என்றால் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஃபேன் அப்படியில்லை. வெகுநேரம் ஓடிய சாதாரண ஃபேனை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டு, நடுவிலுள்ள மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். சுழலும் பாகத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் அந்த மோட்டார் சுற்றுகிறது. உள்ளே போகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு காற்றாகாமல் வெப்பமாகப் போகிறது. பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனில் சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் இருப்பதால் அந்த இழப்பு இல்லை. ஏறக்குறைய அதே காற்றுக்கு 30 வாட் போதும். வீட்டில் ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால், அதிக நேரம் ஓடும் ஃபேனைத்தான் நான் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு 54 யூனிட் மிச்சம். மாட்டிய பிறகு அதே சோதனையைச் செய்து பாருங்கள். ஒருமுறை மின்னி மறுமுறை மின்ன 37 நொடிக்கு மேல் ஆகும்.