ஐக்யூ 140 என்றால் 70இன் இருமடங்கா?

"ஐக்யூ 140 உள்ளவர், 70 உள்ளவரைவிட இரண்டு மடங்கு அறிவாளியா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. உயரத்தை அளக்கப் பூஜ்யத்தில் தொடங்குகிறோம். அறிவுக்கு அப்படியொரு பூஜ்யம் கிடையாது. உங்கள் வயதுள்ளவர்களின் கூட்டத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் ஐக்யூ எனும் நுண்ணறிவு எண் சொல்கிறது.

ஆரம்பத்தில் இது வெறும் வகுத்தல் கணக்கு. 1905இல் பாரிசில் பினே, சிமோன் என்ற இரு ஆய்வாளர்கள், படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினார்கள். மன வயதை, அதாவது சோதனையில் எந்த வயதுக் குழந்தையின் அளவுக்குச் செய்கிறது என்பதை, உண்மையான வயதால் வகுக்கலாம் என்று 1912இல் உளவியலாளர் ஸ்டெர்ன் சொன்னார். எட்டு வயதுக் குழந்தைக்கு மன வயது பத்து என்றால், நூறால் பெருக்க 125. குழந்தைகளுக்குச் சரி. பெரியவர்களிடம் இது எடுபடாது. மன வயது இருபதோடு நின்றுவிட்டால், நாற்பது வயதில் எல்லோருக்கும் 50தானே வரும்!

1939இல் வெக்ஸ்லர் என்ற உளவியலாளர் வகுத்தலையே விட்டுவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதலில் ஒரே வயதுள்ள பலருக்குச் சோதனை வைக்க வேண்டும். சராசரி மதிப்பெண் 42, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 6 என்று வைத்துக்கொள்வோம். 42க்கு 100 என்று பெயர் சூட்டு. மேலே ஒவ்வொரு 6 மதிப்பெண்ணுக்கும் 15 கூட்டு. கீழே போனால் கழி. 48 எடுத்தவருக்கு 115, 36 எடுத்தவருக்கு 85. ஏறத்தாழ 68 சதவீதம் பேர் இவ்விரண்டுக்கும் நடுவில் வருவார்கள். அதே 48ஐ, சராசரியே 48 ஆக இருக்கும் வயதுப் பிரிவில் ஒருவர் எடுத்தால் அவருக்கு 100தான்!

அந்த ஒப்பீட்டுக் கூட்டமும் பழசாகிவிடும். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் மதிப்பெண்கள் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி உயர்ந்தன. இதற்கு ஃப்ளின் விளைவு என்று பெயர். அதனால் புதிதாக ஆட்களைத் திரட்டி அளவுகோலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை. அரசுகள் இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தந்த மொழிக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தாத சோதனை, குழந்தைக்கு அநியாயம் செய்துவிடும்.

சரி, அளக்கப்படுவது ஒரே திறனா, பலவா? ஒரு வகைச் சோதனையில் நன்றாகச் செய்பவர் பொதுவாக மற்றவற்றிலும் நன்றாகச் செய்கிறார் என்று 1904இல் உளவியலாளர் ஸ்பியர்மன் கண்டார்; அடியில் ஒரு பொதுத் திறன் உண்டு என்றார். பின்னர் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் அதை ஏழு திறன்களாகப் பிரித்தார். தனித்தனியான பல அறிவுகள் உண்டு என்று சொல்லும் உளவியலாளர் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவுக் கோட்பாடு பள்ளிகளில் பிரபலம். ஆனால் அதற்கான அளவீட்டுச் சான்றுகள் பலவீனமானவை.

அப்புறம், ஒரே ஆள் வேறொரு நாள் எழுதினால் எண் சற்று மாறும். அதனால்தான் நல்ல உளவியலாளர் தரும் அறிக்கையில் 115 என்ற எண்ணோடு, உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதும் இருக்கும்.