கோஸ் வயலில் கடுகு எதற்கு?

முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு இடையில் கடுகு விதைத்தால் பூச்சி ஓடிவிடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓடாது, தேடி வரும். கோஸை விட்டுக் கடுகில் முட்டையிட்டால், கடுகில் மட்டும் மருந்தடித்து அழிக்கலாம். அதற்காகத்தான் விதைக்கிறோம்.

கோஸில் ஓட்டை போடும் பச்சைப் புழுக்களின் தாய், வைரமுதுகு அந்துப்பூச்சி. கோஸ், காலிஃபிளவர், கடுகு, முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் திசுக்களில் குளுக்கோசினோலேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இலை நசுங்கினால் மைரோசினேஸ் நொதி அதை உடைத்து, நெடியுள்ள ஐசோதயோசயனேட்டாக மாற்றும். மற்ற பல பூச்சிகளுக்கு அது நஞ்சு. இந்தப் புழுவின் குடலிலோ அந்த உடைப்பு நடக்காமல் தடுக்க ஒரு நொதி உண்டு. அதனால் தாய்க்கு அந்த நெடியே முகவரி.

பொழுது சாய்ந்ததும் பெண் பூச்சி இலையில் இறங்கி, உணர்கொம்புகளால் தட்டிப் பார்க்கும். அந்தக் கொம்பில் ஓஆர்35, ஓஆர்49 என்று வாசனையை உணரும் இரண்டு ஏற்பிகள். 2020-ல் சீன ஆய்வாளர்கள் இரண்டையும் மரபணுத் திருத்தத்தால் நீக்கினார்கள். ஐசோதயோசயனேட் தரும் செடியையும் தராத செடியையும் பூச்சியால் பிரித்தறிய முடியவில்லை. வாசனை ஒத்துப்போனால், அடுத்து வயிற்றின் நுனியை இலைமேல் இழுத்துத் தடவும். கோஸ் இலையில் தண்ணீரை முத்தாக உருட்டும் வெண்மெழுகு இருக்கிறதே, அது தனியாகப் பெரிதாக ஈர்ப்பதில்லை. சினிக்ரின் என்ற குளுக்கோசினோலேட்டோடு சேர்ந்தால் முட்டை எண்ணிக்கை கூடுகிறது. கடைசியாக நரம்போரப் பள்ளம் தேடி, அரை மில்லிமீட்டர் மஞ்சள் முட்டையை அதில் பதிக்கும்.

இலையே இல்லாமலும் இது நடக்கும். ஆய்வகங்களில் அலுமினியத் தாளைக் கசக்கி மடிப்பு விழச் செய்து, கோஸ் சாற்றில் நனைத்து உலர்த்திக் கூண்டில் தொங்கவிடுவார்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் மடிப்பெங்கும் முட்டை!

பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முறைப்படி, 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்பும், மற்றதை நடவிலிருந்து 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால், இரண்டும் ஒன்றாக முற்றிக் காயும்போது இளங்கடுகு இருக்காது. பூச்சி கோஸுக்குத் தாவிவிடும். கடுகில் மட்டும் மருந்தடிப்பதைத் தவறவிட்டால், அதுவே புழு வளர்க்கும் நாற்றங்கால்.

ஐரோப்பியக் களையான பார்பேரியாவில் அந்த மருந்தும் வேண்டாம். அதன் இலையில் தாய் ஆசையோடு முட்டையிடும். பொரிந்து வரும் புழுக்களை உள்ளிருக்கும் சப்போனின் கொன்றுவிடும். 1953-லேயே ஜாவாவில் டிடிடி மருந்தை எதிர்த்துத் தப்பியது இந்த அந்துப்பூச்சி. புதிய மருந்துகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது, நீலகிரியில் வளரக்கூடிய இப்படியொரு முட்டுச்சந்துப் பயிரைத் தேடும் ஆய்வுக்கு அரசு ஒதுக்க வேண்டும்.