சோதனை முயற்சிதானே என்று உங்கள் நிரலை அலுவலகக் கணக்கில் போடாதீர்கள்

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். சிறுசேரியில் ஐடி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். தமிழ் உரையில் சந்திப்பிழை பார்க்கும் சிறிய நிரல் ஒன்றை ஓப்பன் சோர்ஸாக எழுதியிருந்தார். அலுவலக மின்னஞ்சலில் கிட்ஹப் (நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் தளம்) கணக்கு தொடங்கி, அங்கே கம்பெனியின் ஆர்கனைசேஷன் என்ற குழுக் கணக்குக்குள்ளேயே அதை வைத்திருந்தார். மேலாளர் சம்மதித்ததும் வாய்ப்பேச்சில்தான். வேலையை விட்ட அன்றே மின்னஞ்சல் போனது. கொஞ்ச நாளில் கம்பெனி அந்த ரெப்போவை, அதாவது நிரல் இருந்த சேமிப்பிடத்தை, வெளியார் பார்க்க முடியாதபடி பிரைவேட் ஆக்கிவிட்டது. நண்பர் ஒருவர் தன் கணினியில் எடுத்து வைத்திருந்த குளோனிலிருந்து, அதாவது முழு நகலிலிருந்து, கோடு (நிரல் வரிகள்) கிடைத்துவிட்டது. ஆனால் ஆசிரியர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் எழுதிய பிழைக் குறிப்புகள், நிரல் தடுமாறிய சொற்கள், அவற்றின் கீழ் நடந்த விவாதம் எதுவும் இப்போது அவர் கையில் இல்லை. "மீட்க முடியுமா சார்?" என்று கேட்டார். கம்பெனி மனது வைத்தால்தான் உண்டு.

இப்படி வருகிறவர்கள் எல்லோரிடமும் ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்பேன். பதில் மாறுவதே இல்லை: "சோதனை முயற்சிதானே சார், நல்லா வந்தா அப்புறம் மாத்திக்கலாம்னு."

இது பாதி உண்மை என்பதால்தான் ஆளைக் கவிழ்க்கிறது. கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், கிட்ஹப் போன்ற தளங்கள் அதன் மேல்தான் நடக்கின்றன. அதில் ஒவ்வொரு குளோனிலும் முழு வரலாறும் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்க மிரர் குளோன் ஒன்று, அதை ஏற்ற மிரர் புஷ் ஒன்று என்று இரண்டே கட்டளைகளில் கோடு வேறு தளத்துக்குப் போய்விடும். சரி. ஆனால் இஷ்யூக்கள், அதாவது பிழைக் குறிப்புகளும் அவற்றின் கீழ் நடக்கும் பேச்சும், கிட்டுக்குள் இல்லை, அவை தளத்தின் டேட்டாபேஸில் இருப்பவை. புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் கேட்கும் இடத்தில், நடந்த வாதமும் அப்படித்தான். ரிலீஸில் (வெளியிட்ட பதிப்பில்) ஏற்றிய கோப்புகள் கூட வராது. தானியங்கிச் சோதனைக்கு எழுதிய கோப்பு கிட்ஹப்புக்கு ஒரு மாதிரி, கிட்லேப் என்ற இன்னொரு தளத்துக்கு வேறு மாதிரி. அடுத்தவர் கட்டுரையில் கொடுத்த இணைப்பை நீங்கள் போய்த் திருத்த முடியாது. கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் மோசம். பெரும்பாலும் தளத்தின் முகவரியே மாட்யூலின் (நிரல் தொகுப்பின்) பெயராகி, அதை அழைக்கும் இம்போர்ட் வரிகளில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். முகவரி மாறினால் உங்கள் நிரலைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் தன் கோடைத் திருத்த வேண்டும்.

இதில் சோதனை முயற்சிகளுக்குத்தான் இழப்பு அதிகம். ஆரம்பத்தில் கோடை நாலு தடவை தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுவோம். ஏன் தூக்கிப் போட்டோம் என்பது இஷ்யூ உரையாடலில்தான் இருக்கும். அது போனால் அடுத்து வருகிறவர் அதே சந்துக்குள் நுழைந்து அதே சுவரில் முட்டிக்கொள்வார்.

பெரிய கம்பெனி தளம் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கூகுளின் நிரல் தளமான கூகுள் கோட் 2006இல் வந்தது, 2016 ஜனவரியில் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் கோட்ப்ளெக்ஸ் 2017இல் போனது. பிட்பக்கெட் என்ற தளம் 2020இல், கிட் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்குரியலின் ரெப்போக்களைக் கைவிட்டது. 2014 டிசம்பரில் இந்திய அரசு 32 தளங்களை முடக்கச் சொன்ன பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எங்கே வைப்பது? புதிய பங்களிப்பாளர்கள் வேண்டும் என்றால் கிட்ஹப்தான். ஆள் நடமாட்டம் அங்கேதான். லாப நோக்கமுள்ள நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டாம் என்பவர்களுக்கு கோட்பெர்க் இருக்கிறது. ஜெர்மனியில் பதிவு செய்த லாப நோக்கமற்ற சங்கம் நடத்துகிறது. சின்னக் குழுவுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். கல்லூரி சர்வர் வேண்டவே வேண்டாம். லேப் பொறுப்பாளர் மாறினால் டிஸ்க்கும் துடைக்கப்படும். வீட்டிலேயே ஒரு சின்னப் பெட்டியில் சொந்த சர்வர் நடத்த ஆசைப்படுகிறவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளச் செய்யுங்கள், நல்லது. ஒரே பிரதியை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

ஆனால் தளத்தின் பெயரைவிட முக்கியம், அது யார் பெயரில் இருக்கிறது என்பது. சொந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்குங்கள். சொந்த லேப்டாப்பில், சொந்த நேரத்தில் எழுதுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிதான் முதல் உரிமையாளர். கணினி நிரலும் அதில் அடக்கம். நான் வக்கீல் இல்லை. ஆனால் அலுவலக மின்னஞ்சலில் கமிட் செய்துவிட்டு (மாற்றங்களைப் பதிந்துவிட்டு), இது வேலையின் பகுதி இல்லை என்று வாதாடுவது கஷ்டம் என்று சொல்ல வக்கீல் தேவையில்லை. வேலை உடன்படிக்கையை எடுத்துப் படியுங்கள். மேலாளர் சரி என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

தளத்தில் உரிமையாளராக இரண்டு பேரைப் போடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ரெக்கவரி கோடுகளை, அதாவது போன் இல்லாவிட்டாலும் உள்ளே போக உதவும் ரகசியக் குறிகளை, தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். போனும் தொலைந்து, அவையும் வேறு மீட்பு வழியும் இல்லையென்றால் உங்கள் கணக்கை கிட்ஹப் திருப்பித் தராது. இன்னொரு தளத்தில் மிரர் வையுங்கள். முக்கிய முடிவுகளை இஷ்யூவிலேயே விட்டுவிடாமல், ரெப்போவுக்குள் ஒரு கோப்பில் காரணத்தோடு எழுதிவிடுங்கள், அது குளோனோடு கூடவே வரும். முதல் நாளே லைசென்ஸ் கோப்பைப் போடுங்கள். அது இல்லாமல் ரெப்போவைத் திறந்து வைத்தால் மற்றவர்கள் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். எடுத்துப் பயன்படுத்த அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஏற்கெனவே அலுவலகக் கணக்கில் வைத்துவிட்டவர்களே, ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், தயவுசெய்து. மேலாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, ரெப்போவை உங்கள் சொந்தக் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்லுங்கள். கிட்ஹப்பில் அப்படிச் செய்தால் இஷ்யூக்களும் கூடவே வரும், பழைய இணைப்பும் புது இடத்துக்கு அழைத்துப் போகும். வேலையில் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலான மேலாளர்கள் தலையாட்டுவார்கள். நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில் ஹெச்ஆர், சட்டப் பிரிவு, மேலாளர் என்று மூன்று மேஜை ஏற வேண்டியிருக்கும்.