பொத்தானைத் திருப்பிப் பாருங்கள்

இங்கிலாந்தின் உழவு நிலங்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு அடிக்கடி சிக்குவது பழைய உலோகப் பொத்தான். அதைக் கண்டதும் கை புளியையும் எலுமிச்சையையும் தேடும். வேண்டாம். பிரிட்டனின் 1796-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் அங்குல அகலமுள்ள 144 பொத்தான்களுக்கு 5 கிரெயின் தங்கம் இருந்தாலே ‘கில்ட்’ (தங்க முலாம் பூசியது) என்று முத்திரையிட முடிந்தது. அதாவது மொத்தமே 0.32 கிராம், ஒரு பொத்தானுக்குச் சுமார் 2 மில்லிகிராம். அடியில் உள்ள களிம்பை அமிலம் கரைத்தால் மேலே ஒட்டியிருக்கும் முலாமும் சேர்ந்து உதிரும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண்ணை மரக்குச்சியால் மெல்ல எடுத்தால் போதும்.

பிறகு திருப்புங்கள். நூல் கோக்கும் காதின் அடியில் வார்ப்பு உலோகம் கூம்பாகத் திரண்டிருந்தால் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டு. தட்டையான தகட்டில் கம்பி வளையத்தைப் பற்றவைத்தவை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை வரும். முகப்புத் தகட்டின் விளிம்பைப் பின்தகட்டின்மேல் மடித்த உள்ளீடற்ற பொத்தான் 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் போகாது. காது உடைந்து போயிருந்தாலும் பற்றவைத்த தழும்பு நிற்கும். பத்து மடங்கு லென்சில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்.

அதே சாய்ந்த வெளிச்சத்தில் பின்புற எழுத்தும் தெரியும். காலத்தை நெருக்கிப் பிடிக்க இதைவிட நல்ல பிடி இல்லை, ஏனென்றால் கூட்டாளிகள் மாறும்போது நிறுவனத்தின் பெயரும் மாறும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ‘ஜே.எம்.எல். அண்ட் டபிள்யூ.எச். ஸ்கோவில்’ என்று பொறித்தது 1827–1840. ‘ஸ்கோவில்ஸ் அண்ட் கோ’ 1840–1850.

முகப்பும் உதவும். பிரிட்டிஷ் காலாட்படைப் பொத்தான்களில் ரெஜிமென்ட் எண் வந்தது 1767-இன் ஆணைக்குப் பின். சாதாரணச் சிப்பாய்களுக்கு அது 1871-இல் போனது, அதிகாரிகளுக்கு 1881-இல். கடற்படை அதிகாரியின் நங்கூரத்துக்கு மேல் கிரீடம் ஏறியது 1812-இல். வளைவுகள் நடுவில் பள்ளமின்றி உருண்டிருக்கும் டியூடர் கிரீடம் 1901-க்குப் பிந்தையது. 1953 முதல் 2022 வரை நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம் அதன் இடத்தைப் பிடித்திருந்தது.

எண் போட்ட பொத்தான் கிடைத்த வயலில் படை முகாம் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். கழித்துக்கட்டிய சீருடையைப் பண்ணையாட்களும் போட்டு உழைத்தார்கள்.