உள் டயரைக் குனிந்து பார்த்தீர்களா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் டயர் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. டிசம்பர் விடுமுறை நெருங்கினால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். போன மாதம் கேட்டது, பக்கி என்று நாங்கள் சொல்லும் பிக்கப் வண்டி வைத்திருக்கும் ஓர் இளைஞர்: "அண்ணே, போட் இழுக்கணும். என் பக்கியே போதுமா, இல்ல பின்னால டபுள் டயர் உள்ள சின்ன லாரியா பார்த்து எடுக்கட்டுமா?"

"டிரெய்லர் மாட்டுற ஹூக்குல எவ்வளவு எடை உட்காருது தம்பி?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை.

டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஹூக்கின் மேல் உட்கார வேண்டும். ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். 2,000 கிலோ போட் என்றால் 200 கிலோ. ஆனால் பின் அச்சில் ஏறுவது அதைவிட அதிகம். முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர், ஹூக் பின் அச்சைத் தாண்டி 1.2 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சில் 280 கிலோ ஏறும், முன் சக்கரங்களில் 80 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று சொல்வார்களே, அது இதனால்தான். இதற்கு மேல் குடும்பம், ஐஸ் பெட்டி, டீசல் கேன் எல்லாம் சேரும்.

டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 106/104 என்று ஒரு டயரில் போட்டிருந்தால், தனியாக மாட்டும்போது 950 கிலோ, ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 900 கிலோ. ஆக, ஒற்றை டயர் என்றால் பின்பக்கம் 1,900 கிலோ, டபுள் என்றால் 3,600. இது டயரின் கணக்கு மட்டும். அச்சு, பிரேக், கியர்பாக்ஸ், ஹூக் இவற்றின் வரம்பு டயரைக் கூட்டினால் கூடிவிடாது.

ஹைலக்ஸ், ரேஞ்சர் மாதிரியான பக்கிகளில் பல மாடல்கள் பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும். எப்போதாவது போட்டையோ கேரவனையோ இழுப்பவருக்கு ஒற்றை டயர் போதும் என்பதே என் கருத்து. கடற்கரை மணலில் இறங்குபவருக்கு அதுதான் நல்லதும்கூட. பின் டயர் முன் டயரின் தடத்திலேயே போகும். டபுள் டயர் புது மணலையும் சேர்த்துக் கிழிக்க வேண்டும்.

தினமும் பாரம் ஏற்றி, டிரெய்லரும் கட்டி, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஏறுபவர் கதை வேறு. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. வழியில் வரும் வான் ரீனன் கணவாய் 1,600 மீட்டருக்கு மேல். அங்கே பக்கக் காற்று அடிக்கும்போது டபுள் டயரின் அகலமான பிடி கைக்கே தெரியும். ஒரு டயர் வெடித்தாலும் ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். அவர்கள் ஹினோ 300 மாதிரி வண்டிக்குப் போகலாம். ஆனால் லைசென்ஸைப் பாருங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோவைத் தாண்டினால் சி1 வகை லைசென்ஸ் வேண்டும், பி.ஆர்.டி.பி. என்ற தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பக்கி என்றாலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இபி வகை லைசென்ஸ் வேண்டும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே, டபுள் டயர் ஜோடியில் உட்பக்கம் மறைந்திருக்கும் உள் டயருக்காகத்தான். டொங்காட் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றும் ஒருவர், பின் வெளி டயர் வெடித்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கழற்றினால், உள் டயரின் ஓரம் உட்பக்கமாக அரைபட்டு, ரிம்மைத் திருப்பினதும் கறுப்புத் தூள் கொட்டியது. பல நாளாகக் காற்றே இல்லாமல் ஓடியிருக்கிறது. வெளி டயர் கம்பீரமாக நிற்பதால் யாருக்கும் தெரியவில்லை. இருவர் சுமையை ஒருவன் தூக்கி, சூடாகி, ஏற்றத்தில் வெடித்துவிட்டது. பின்னால் வேறு வண்டி ஒட்டி வராததால் அவர் பிழைத்தார். அன்று அவர் மனைவி கடை வாசலில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கட்டையால் தட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். கால்வாசிக் காற்று இறங்கிய டயரும் அதே சத்தம்தான் போடும். கேஜ் வைத்துப் பாருங்கள். அது உள் வால்வுக்கு எட்டவில்லை என்றால் நீட்டுக்குழாய் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்ந்த டயருக்குப் பக்கத்தில் புதுசை மாட்டாதீர்கள். உயரமான டயர் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும், குட்டையானது ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். விட்டத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் ஜோடி சேர்ப்பதில்லை. வாடிக்கையாளர் கோபித்தாலும் சரி.

அந்த இளைஞரை, போட்டைக் கட்டி, எல்லாச் சாமானும் ஏற்றி, எடைமேடைக்குப் போய்ப் பின் அச்சை மட்டும் எடை போட்டு வரச் சொன்னேன். வரம்பைவிட 90 கிலோ கூட. ஐஸ் பெட்டியும் எரிபொருளும் போட்டின் மூக்கிலேயே அடுக்கியிருந்தார். அவற்றை டிரெய்லர் சக்கரத்துக்கு நேர் மேலே மாற்றி, பக்கியின் பின்தட்டில் கிடந்த இரண்டு கேனையும் இறக்கினோம். மறுபடி எடை போட்டபோது வரம்புக்குள் வந்துவிட்டது, ஹூக்கிலும் பத்தில் ஒரு பங்கு இருந்தது. பழைய பக்கியிலேயே சொட்வானா கடற்கரைக்குப் போய்வந்தார். நான்கு டயர் மட்டும் என்னிடம் புதுசாக வாங்கினார்.